எறும்புக் கடியும் பெரியம்மாவின் பதக்கமும்

அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எங்கள் பெரியம்மாவுக்குப் பதக்கம்! மாலை ஐந்து மணிக்கு நகர மன்றத்தில் மேயரே குத்திவிடப் போகிறார்!

பெரியம்மா பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். ஊரில் பாதிக் குழந்தைகளை முதன்முதலில் கையில் ஏந்தியது அவர்தான். வெள்ளம் வந்தபோது மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் வீடு வீடாகப் போனவர். லீவு நாளில்கூடச் சும்மா இருக்க மாட்டார். எங்கள் தெரு நூலகத்தில் இலவசமாகத் தடுப்பூசி போடுவார்.

பதக்க நாளிலாவது ஓய்வெடுப்பார் என்று பார்த்தால், அதுதான் இல்லை. அன்றைக்கும் ஊசி!

“எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், கண்ணு” என்று சொல்லிக்கொண்டே எல்லாருக்கும் போட்டார். அது அவருடைய வழக்கமான வசனம்.

கடைசியாக பேக்கரிக்காரரின் மகன். ஆறு வயது. தெருவே அவனை ‘வாலு’ என்றுதான் கூப்பிடும். பெரியம்மா வசனத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் புத்தக அலமாரிக்குப் பின்னால் புகுந்துகொண்டான்.

பேக்கரிக்காரர் மிரட்டினார், கெஞ்சினார். “முழு கேக் தரேன்டா!” ம்ஹூம்.

“பெரியம்மா, மணி நாலே முக்கால்! கிளம்புங்க!”

“இவனுக்குப் போடாம நான் எங்கயும் வர மாட்டேன்.”

பெரியம்மா சொன்னால் சொன்னதுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதக்கத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால்?

வேறு வழியில்லாமல் நானும் அலமாரிக்குப் பின்னால் நுழைந்தேன். ஒரே தூசி. தும்மித் தள்ளினேன். வாலு களுக்கென்று சிரித்துவிட்டான்.

“ஏன்டா, ஊசின்னா அவ்வளவு பயமா?”

“ஊசிக்கு யாரு பயந்தா? எறும்புக்குத்தான்!”

“என்னது?”

காலை நீட்டினான். “பார்க்ல எறும்புப் புத்துல மிதிச்சிட்டேன். ராத்திரி முழுக்கத் தூங்கல, தெரியுமா? அதே மாதிரி இருக்கும்னு நர்ஸம்மாவே சொல்றாங்களே!”

பாதம் இன்னும் வீங்கிச் சிவந்திருந்தது. அட, பாவமே!

நான் தலையை வெளியே நீட்டினேன். “பெரியம்மா! இவன் உங்க ஊசிக்குப் பயப்படல. உங்க எறும்புக்குத்தான் பயப்படறான்!”

“அடடா! இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் இதையேதானே சொல்லிட்டிருக்கேன்!” பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் வாலுவிடம் திரும்பினேன். “பொய் சொல்ல மாட்டேன்டா. சுருக்குன்னு வலிக்கும். ஆனா மூணு எண்ணறதுக்குள்ள போயிடும். நீயே எண்ணு. என் கையை எவ்வளவு வேணா அழுத்திக்கோ.”

யோசித்தான். வந்தான்.

“ஒண்ணு... ஆ! ரெண்டு... மூணு... அவ்வளவுதானா?”

அவ்வளவுதான். என் விரல்கள்தான் நசுங்கிப்போயின.

அப்புறமென்ன, ஒரே ஓட்டம்! பேக்கரி வண்டியில் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து நகர மன்றத்துக்குப் பறந்தோம். நாங்கள் உள்ளே நுழையவும் பெரியம்மாவை மேடைக்கு அழைக்கவும் சரியாக இருந்தது. கைதட்டல் காதைப் பிளந்தது.

மேயர் பதக்கத்தின் ஊக்கைத் திறந்தார். பெரியம்மா கண்களை இறுக்க மூடிக்கொண்டு ஓரடி பின்னால் போனார்! ஊருக்கே ஊசி போட்டவர்!

வாலு நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான். “பயப்படாதீங்க நர்ஸம்மா! மூணு எண்ணுங்க!”

மன்றமே குலுங்கிச் சிரித்தது. பெரியம்மா கண்ணைத் திறக்காமலே எண்ண ஆரம்பித்தார்.

“ஒண்ணு...”

“ரெண்டு!” என்று நானும் வாலுவும் கத்தினோம்.

“மூணு!” என்றது மொத்தக் கூட்டமும்.

பெரியம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்து, தன் வெள்ளைச் சட்டையில் மின்னிய பதக்கத்தைப் பார்த்தார்.

“அவ்வளவுதானா?” என்றார்.