பேடிகாட்டுக்கு வைத்த புள்ளி

சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வந்து மோதியது. ருக்கு டீயைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். மரைன் ஹில்லில் கடல் ஓசை எப்போதும் உண்டு. ஆனால் அது கீழே, துறைமுகத்தில். மேட்டில் நிற்கிற வீட்டின் சுவரைக் கடல் எப்படித் தொடும்? மழைநீர்க் குழாயாக இருக்கும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு லேப்டாப்புக்குத் திரும்பினாள்.

அதில் கைதிகளை இந்தத் தீவுக்கு நாடுகடத்திய காலத்துப் பழைய வரைபடம் ஒன்று விரிந்திருந்தது. அதிலுள்ள ஒவ்வொரு ஊர்ப்பெயரையும் இன்றைய வரைபடத்தில் தேடிப் பிடித்து, இரண்டிலும் ஒரே இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். போதுமான புள்ளிகள் விழுந்தால் பழையது புதியதன் மேல் தானாகப் பொருந்தும். ஜங்லிகாட்டும் சிப்பிகாட்டும் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டன. மூலையில் கிடந்த பேடிகாட் மட்டும் முரண்டு பிடித்தது. பேடி என்றால் கால்விலங்கு, காட் என்றால் படகுத்துறை. அப்படி ஒரு துறை எங்கே இருந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மதியம் ஆபீஸிலிருந்து காத்தமுத்து போன் செய்திருந்தார்.

"மேடம், நாளைக்கு மெயின்லேண்டுக்கு அனுப்பணும். அந்த ஒண்ணை எங்கயாச்சும் வெச்சு முடிங்க, சலேகா, அது போதும்."

"தப்பாயிடாதா சார்?"

"சோடோ, விடுங்க மேடம். யாரு வந்து பாக்கப்போறா?"

ஒரு பெயரைக்கூட அவள் இதுவரை குத்துமதிப்பாக வைத்ததில்லை. ஆனால் ஒப்பந்த வேலை, நீட்டிக்கிற சமயம். செயற்கைக்கோள் படத்தில் பளிச்சென்று தெரிந்தது அவள் வீட்டு நீலக் கூரைதான். பேடிகாட்டை அதன் மேலேயே வைத்தாள். வரைபடம் கச்சிதமாகப் பொருந்தியது. அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

இப்போது வரவில்லை. ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஊரில் ஜன்னல்கள் கறுத்துப்போயிருக்க, அலையாத்திச் சேற்றின் நாற்றமும் நனைந்த சாக்கின் புழுங்கல் வாடையும் கதவிடுக்கு வழியாக மெல்ல நுழைந்து கூடம் முழுக்கப் பரவின; அவற்றின் அடியில், இரும்போடு இரும்பு உரசும் சத்தம், நின்று நின்று, ஆனால் விடாமல் வந்துகொண்டிருந்தது. கணவன் நிக்கோபார் கப்பலில் இருந்தான். வீட்டில் அவளும், பின்னறையில் ஆறு வயது மகள் பவானியும்தான்.

"பவானி, என்ன பண்றே?"

"போட் வந்திருக்கும்மா. ஏறிக்கவா?"

துடுப்பு ஒன்று சுவரில் இடித்தது. பிள்ளையிடம் ஓடியிருக்க வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவள் கை லேப்டாப்புக்குத்தான் போனது. பேடிகாட் புள்ளியை அழித்தாள்.

சத்தம் நின்றது. நாற்றமும் போயிற்று. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மூச்சு விட்டுக்கொண்டு பின்னறைக்குப் போனாள்.

அறை காலி. பின்கதவு திறந்திருந்தது. வாசற்படி ஈரம். வெளியே வெறும் புல்.

"அம்மா."

குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. கூடவே துடுப்புச் சத்தம். முதலில் இடப்பக்கம். பிறகு கூரைக்கு மேலே. பிறகு வலப்பக்கம். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"அம்மா, எறங்க எடமில்லம்மா."

துறையை அழித்துவிட்டால் படகு எங்கே அணையும்? அவள் ஓடினாள். திரையில் நீலக் கூரை. புள்ளி எங்கே இருந்தது? நடுவிலா? ஓரத்திலா? கூரை விளிம்பை ஒட்டிக் குத்துமதிப்பாக வைத்தாள்.

துடுப்பு நின்றது. ஏதோ வந்து இடித்ததில் வீடு அதிர்ந்தது. பின்கதவுக்கு ஓடினாள். யாருமில்லை.

"அம்மா."

மிக அருகில். முதுகுக்குப் பின்னால்.

திரும்பினாள். கூடத்துச் சுவர். ஈரம். சுண்ணாம்புப் பூச்சு உப்பி வெடித்திருந்தது. செங்கல்லுக்கு நடுவிலிருந்து ஐந்து சின்ன விரல்கள் வெளியே நீண்டு, அவளைத் துழாவிக்கொண்டிருந்தன.