பதினெட்டாவது கட்டம்

முள் நூற்று முப்பதில் நின்றிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம்தான் முத்தம்மா அந்த ஊதுகுழாயைச் சோப்புத் தண்ணீரில் அலசி, பழைய துண்டால் துடைத்து, சிவப்பு முள்ளைக் கட்டைவிரலால் அடிவரைக்கும் தள்ளிவிட்டு, டி.வி.க்கு மேலே இருந்த பலகையில் வைத்திருந்தாள். அலச வேண்டிய தேவையே இல்லை. அதை ஊதிக்கொண்டிருந்த மகள் போய் எட்டு நாள் ஆகிறது. ஏழு மாதமாகச் செய்த வேலையைக் கை இன்னும் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

"யோவ், பாப்பாவோட குழாய நீ தொட்டியா?"

புருஷன் சுப்புராயன் வாசலில் வலைக்கு முன்னால் குந்தியிருந்தான். வலையில் கை வைக்கவில்லை. திரும்பவும் இல்லை.

"நா இன்னாத்துக்கு அத தொடப்போறேன்? தூக்கி கடல்ல போடுன்னு அன்னிக்கே சொன்னேன்."

அது ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் குழாய். மூச்சை நிறைய இழுத்து, வாயில் பொருத்தி, ஒரே வீச்சில் ஊத வேண்டும். காற்று தள்ளுகிற அளவுக்கு முள் ஏறும், ஏறின இடத்திலேயே நின்றுவிடும். விரலால் தள்ளினால் ஒழிய இறங்காது. எலி தட்டியோ ஜன்னல் காற்று பட்டோ ஏறுகிற சாமான் இல்லை.

ஒரு பெரிய ஆஸ்பத்திரி, எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் வீசிங் உள்ள பிள்ளைகளாகத் தேடி, நாற்பது பேரை ஆராய்ச்சியில் சேர்த்திருந்தது. நிலக்கரித் தூசியிலும் சாம்பலிலும் வளருகிற பிள்ளைகளின் நுரையீரல் எப்படி வேலை செய்கிறது, வாயில் அழுத்தி இழுக்கிற ஒரு புதிய பம்பு மருந்து அவர்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கிற ஆராய்ச்சி. காலை ஆறு மணிக்கு மூன்று தரம் ஊத வேண்டும், சாயங்காலம் ஆறு மணிக்கு மூன்று தரம். எது அதிகமோ அதை நோட்டில் அந்தந்த நாளின் கட்டத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ராயபுரத்திலிருந்து ஆஸ்பத்திரி ஊழியர் ஜார்ஜ் ஸ்கூட்டரில் வந்து நோட்டைப் பார்ப்பார். நரைத்த மீசைக்காரர். எந்த வீட்டிலும் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைவார்.

ஒன்பது வயது ஜோதிகாவுக்கு அது பீப்பி. ஊதி முடித்ததும், "பீப்பி ஊதியாச்சு, மாப்ள எங்கம்மா காணோம்?" என்பாள். அவளே சிரிப்பாள். சிரிப்பு இருமலாக மாறும்.

பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை இந்த வீட்டிலிருந்து ஒரு துரும்பைக்கூட வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று பக்கத்து வீட்டுப் பூவம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதனால்தான் குழாய், பம்பு, நோட்டு எல்லாம் இன்னும் பலகையில் இருந்தன.

முத்தம்மா முள்ளை மறுபடி அடிக்குத் தள்ளினாள்.

அன்று சாயங்காலம் சுப்புராயன் படகுப் பக்கம் போயிருந்தான். முத்தம்மா விளக்கைப் போடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கருவாட்டு நாற்றமும், அனல்மின் நிலையப் புகைபோக்கிப் பக்கமிருந்து வருகிற கரிந்த நெடியும், இத்தனை நாளாகியும் தலையணையில் மிச்சமிருந்த பிள்ளையின் தேங்காய் எண்ணெய் வாசனையும் ஒன்றாகக் கலந்து அறையில் தேங்கி நின்றன. தண்ணீர்க் குடத்தின் மேல் காலையில் துடைத்த இடத்தில் மறுபடியும் சாம்பல் நிறத்தில் மாவு படிந்திருந்தது. தூரத்தில் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர முடியாமல் உறுமிக்கொண்டிருந்தன. திடீரென்று அந்த உறுமல் பஞ்சு வைத்து அடைத்ததுபோல் அமுங்கியது.

பலகைமேல் யாரோ ஊதினார்கள்.

நீளமான ஊதல் இல்லை. பாதியிலேயே களைத்து, கடைசியில் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு விசிலாக இழைந்து ஓய்கிற ஊதல். பிறகு 'டிக்' என்று முள் நிற்கிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பிறகு இன்னொன்று.

முத்தம்மா எழுந்து போய்ப் பார்த்தாள். நூற்று இருபது.

அவள் கத்தவில்லை. அது யாருடைய மூச்சு என்று அவளுக்குத் தெரியும். இருட்டில் எத்தனையோ நாள் அந்த விசிலுக்குக் காது கொடுத்துக்கொண்டே படுத்திருக்கிறாள். குழாயைத் தொட்டாள். வாய் வைக்கிற இடம் ஈரமாக இருந்தது.

மறுநாள் காலை நூற்றுப் பதினைந்து. சாயங்காலம் நூற்றுப் பத்து. அதற்கடுத்த நாள் நூற்றைந்து, அப்புறம் நூறு. நாலாம் நாள் நோட்டைத் திறந்தாள். திறக்காமலே இருந்திருக்கலாம்.

கடைசி ஒன்பது நாளுக்குப் பதினெட்டுக் கட்டங்கள். இருநூற்று நாற்பது, இருநூற்று முப்பது, இருநூற்று நாற்பது. எல்லாம் நோட்டில் 'நலம்' என்று போட்டிருந்த பச்சைக் கோட்டுக்கு மேலே. எல்லாம் அவள் கையெழுத்து.

சேர்த்த முதல் நாளே ஜார்ஜ் சொல்லியிருந்தார், "கட்டத்த மட்டும் காலியா வுட்றாத தங்கச்சி. மூணு கட்டம் காலியா இருந்தா பேரே போயிடும்." பக்கத்துக் குப்பத்தில் ஒரு பையனுக்கு அப்படித்தான் பேர் போனது, மருந்தும் நின்றுபோனது. ஜோதிகா இருமி இருமித் துவண்டு, ஊதத் தெம்பில்லாமல் படுத்த அன்று, முத்தம்மா அந்தக் குழாயைத் தன் வாயில் வைத்தாள். மீன் ஏலத்தில் கத்திக் கத்தி உரம் ஏறின மார்பு. முழுசாக ஊதினால் முள் நானூறைத் தாண்டிவிடும். அப்படி எழுதினால் தெரிந்துபோகும். அதனால் பாதி மூச்சை இழுத்து, உதட்டைத் தளர்த்தி, அளந்து ஊதினாள். பிள்ளை நன்றாக இருந்த நாட்களில் வருகிற எண் வரும்வரை ஊதினாள். ஒரு நாள், ரெண்டு நாள் என்று ஆரம்பித்தது. ஒன்பது நாள் ஆனது.

நடுவில் ஐந்தாம் நாள் சாயங்காலம் மட்டும் ஜோதிகா தானே கேட்டு வாங்கி ஊதினாள். முள்ளை உற்றுப் பார்த்தாள்.

"தொண்ணூறும்மா. நீயே ஊதிடு. எனுக்கு தூக்கம் வருது."

எண் சிவப்புக் கோட்டுக்குக் கீழே வந்தால் உடனே போன் செய்ய வேண்டும் என்று நோட்டின் அட்டையிலேயே எண் ஒட்டியிருந்தது. முத்தம்மா தொண்ணூறை எழுதவில்லை. எழுதினால் முந்தின பச்சையெல்லாம் பொய் என்று தெரிந்துபோகும். மறுநாள் வெள்ளிக்கிழமை, பிள்ளை தூங்குகிறது என்று அவள் சொல்ல, ஜார்ஜ் வரிசையாகப் பச்சையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டார். இரண்டு இழுப்பு மருந்து ஒரு இழுப்பாகக் குறைந்தது. அதற்கு மூன்றாம் நாள் சாயங்காலம் முத்தம்மா ஆறு மணி ஊதலை ஊதி எழுதி முடித்துவிட்டுத் திரும்பியபோது, தூங்குகிறாள் என்று நினைத்திருந்த பிள்ளை சுவரில் சாய்ந்தபடி வாயைத் திறந்து, கழுத்துக் குழி உள்ளே இழுக்க, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ, லாரிகளுக்கு நடுவில் நின்றுபோனது. அவ்வளவுதான்.

இப்போது முள் காட்டுவது அந்தப் பதினெட்டு எண்களை. எழுதாமல் விட்ட, உண்மையான எண்களை. வரிசையாக.

நம்பாமல், முள் ஏறத் தொடங்கியதிலிருந்து ஐந்தாம் நாள் சாயங்காலம்வரை காத்திருந்தாள். ஆறு மணிக்கு மூன்று ஊதல். தொண்ணூறு.

அப்படியானால் கடைசிக் கட்டம் பதினாறாம் நாள் சாயங்காலம்.

முத்தம்மா பம்பை எடுத்தாள். மருந்து நிரம்புகிற பிளாஸ்டிக் குடுவையில் அதைச் செருகி, குடுவையின் வாயைக் குழாய்ப் பக்கம் காட்டி, மறுநாள் காலை, ஆறுக்கு ஐந்து நிமிடம் முன்னால், இரண்டு தரம் அழுத்தினாள். வெள்ளைப் புகை குடுவைக்குள் சுழன்றது. மெல்ல மெல்லக் குறைந்தது. யாரோ உறிஞ்சுவதுபோல.

நூற்றுப் பத்து.

அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்தது. அன்று சாயங்காலம் நூற்று இருபது. மறுநாள் நூற்று முப்பது. தலை வாரிக்கொண்டாள். சோறு வடித்தாள். தட்டு மூன்று வைத்தாள்.

சுப்புராயன் மூன்றாவது தட்டைப் பார்த்தான்.

"இன்னாம்மே இது?"

"இருக்கட்டும்யா."

"யாருக்கு?"

அவள் அந்தத் தட்டிலும் சோறு போட்டாள். அவன் சாப்பிடாமல் எழுந்து போனான். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் விசும்புவது கேட்டது. அவனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் கட்டங்களையும் சொல்ல வேண்டும்.

பம்பின் முதுகில் சின்ன ஜன்னலில் மிச்சம் எத்தனை இழுப்பு என்று எண் தெரியும். பிள்ளை போன பதினைந்தாம் நாள் சாயங்காலம் அதில் சைபர் வந்தது. குலுக்கினாள், வெந்நீரில் வைத்தாள், அழுத்தினாள். காற்றுகூட வரவில்லை.

பதினாறாம் நாள் காலை எழுபது.

கடற்கரையில் காரியம் நடந்தது. ஐயர் சொன்னதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. மணி என்ன, மணி என்ன என்று பூவம்மாவை நச்சரித்தாள். "எங்க ஓடப்போற? குந்துடி" என்று பூவம்மா அவள் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கலைந்தார்கள். சுப்புராயன் அவர்களை பஸ் ஏற்றப் போனான்.

ஐந்தரை மணிக்கு ஜார்ஜ் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, பிள்ளையின் படத்துக்கு முன்னால் நின்றார்.

"மனச தேத்திக்கமா. குழாயும் நோட்டும் திருப்பிக் குடுக்கணும். கேக்கவே கஷ்டமா கீது."

"வேற பம்பு வச்சிக்கிறியாண்ணே?"

"எதுக்குமா?"

"குடேன். ஒண்ணே ஒண்ணு."

முத்தம்மா நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"இதெல்லாம் நா ஊதுனது. அவ இல்ல. கட்டம் காலியா இருந்தா பேர் போய்டும்னு நா ஊதுனேன்."

ஜார்ஜ் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக்கொண்டே போனார். பதினெட்டாவதில் விரல் நின்றது.

"காலியா வுடாதன்னு நான்தான் சொன்னேன்," என்றார். "இந்தப் பச்சைய பாத்துட்டு போன் போட்டதும் நான்தான். ஐயோ, தங்கச்சி."

"அத வுடுண்ணே. பம்பு குடு. மணி ஆவுது."

"பாப்பா இல்லமா."

"கீறாண்ணே. இங்கதான் கீறா. ஆறு மணிக்கு ஊதுவா. மருந்து குடுத்தா ஏறுது. நூத்தி முப்பது வரிக்கும் ஏத்திட்டேன். இன்னிக்கு ஒரு நாள் தாண்டிட்டா போதும்."

ஜார்ஜ் நோட்டை மூடினார். லாரிகளின் உறுமல் அமுங்கியது. அவருக்கும் அது கேட்காமல் போயிருக்க வேண்டும், தலையைத் தூக்கித் தெருப்பக்கம் பார்த்தார்.

பலகைமேல் முதல் ஊதல்.

டிக்.

ஜார்ஜ் பின்னால் நகர்ந்தார். அவர் முதுகு சுவரில் இடித்தது. முத்தம்மா குழாயை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். ஐம்பது. தேங்காய் எண்ணெய் வாசனை. கையில் சூடு.

"மெதுவா கண்ணு. மெதுவா."

இரண்டாவது ஊதல். ஊதல்கூட இல்லை. விசில் மட்டும். முள் முப்பதில் தொட்டு நடுங்கியது.

"அம்மா கீறேன். இந்தத் தடவ அம்மா பாத்துனுதான் கீறேன்."

மூன்றாவது.

உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. இழுத்தது. இழுத்தது. அடைத்தது. வெளியே வரவில்லை.

முள் அசையவில்லை.

"ஊது கண்ணு."

ஒன்றுமில்லை.

"ஊதுடி."

முத்தம்மா குழாயை வாயில் வைத்தாள். ஜார்ஜ் "வேணாம்மா" என்று கையை நீட்டினார். இந்தத் தடவை அவள் ஊதவில்லை. இழுத்தாள். மார்பு கொள்ளுகிற மட்டும், அதற்கு மேலும், குழாயில் இருந்ததை எல்லாம் உள்ளே இழுத்தாள். சில்லென்று இருந்தது. எண்ணெய் வாசனை, இருமல் சிரப்பின் தித்திப்பு, சாம்பல். தொண்டையில் ஏதோ மாட்டி, நழுவி, உள்ளே இறங்கியது.

குழாய் கீழே விழுந்தது.

அவள் உதட்டை மூடிக்கொண்டாள். விட்டால் போய்விடும். விடக் கூடாது.

"மூச்ச வுடும்மா," என்றார் ஜார்ஜ். "முத்தம்மா! மூச்ச வுடு!"

தலையை ஆட்டினாள். மூக்கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடித்தாள். காது அடைத்தது. கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள். ஜார்ஜ் அவள் கையை விலக்கப் பார்த்தார். முடியவில்லை. வாசலில் சுப்புராயன் வந்து நின்றான். அவள் பேரைச் சொல்லிக் கத்தினான். கத்திக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டு அவள் மார்பைப் பார்த்தான்.

வாய் மூடியிருந்தது. மூக்கு மூடியிருந்தது. உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. மார்பு மட்டும் ஏறி இறங்கியது. சின்னதாக. வேகமாக. மூடின உதட்டுக்குப் பின்னால், பல்லுக்குப் பின்னால், பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு விசில் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.