ஜெர்மனிக்காக ஒரு சண்டை

சேவூரில் பஸ் ஏறும்போதே ஜெசிக்கு மழைமேல் கோபம். ஐப்பசி மழையாயிற்றே, அது யாருக்கு அடங்கும்? குடை இருந்தும் பாதி நனைந்து, ஆரணி டவுன் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவள், வழக்கம்போல் கண்ணை மூடி முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

பார்ப்பவர்கள் ஜெபம் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். கழுத்தில் சிலுவை வேறு. ஆனால் அவள் முணுமுணுத்தது ஜெர்மனி நாட்டின் பட்ஜெட்டை!

ஜெசி ஆரணியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜெர்மனிக்கு வேலைக்குப் போக மொழித் தேர்வு எழுத வேண்டும். அதில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து விவாதம் பண்ணும் பகுதி ஒன்று உண்டு. அன்றைய வகுப்புக்கு அவளுக்குக் கிடைத்த தலைப்பு, அரசாங்கப் பணம் ராணுவத்துக்கா, படிப்புக்கும் ஆராய்ச்சிக்குமா என்பது. முதலில் தமிழில் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் ஜெர்மனுக்குப் போவது அவள் வழக்கம்.

“பள்ளிக்கூடத்துல வாத்தியார் பத்தல... லேபுக்குக் காசு இல்ல... இதுல பீரங்கி வாங்கி இன்னா பண்ணப் போறீங்க?”

“பக்கத்துல சண்டை நடந்துகினு இருக்கும்போது, கதவே இல்லாத வீட்டுல உக்காந்து படிக்க முடியுங்களா?”

ஜெசி சடாரென்று கண்ணைத் திறந்தாள்.

கம்பியைப் பிடித்தபடி ஒருவன் நின்றுகொண்டிருந்தான். தோளில் லேப்டாப் பை. நெற்றியில் ஒட்டிய ஈர முடி. அந்தக் கண்கள்... அடடா, மனிதன் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் அந்தக் கண்கள் சும்மா இருக்காது போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே இருந்தன.

“உங்கள யாராச்சும் கேட்டாங்களா?”

“நாட்டு மக்களக் கேக்காம பட்ஜெட் போடலாங்களா?”

“ஜெர்மனியப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்?”

“ஏதோ... கேள்விப்பட்டதுதாங்க.”

ஜெசியை எதிர்த்துப் பேசி ஜெயித்தவர் அவள் வீட்டிலேயே கிடையாது. பஸ்ஸிலா விட்டுவிடுவாள்? வரிப்பணம், கடன், மூடிக் கிடக்கும் பேக்டரிகள் என்று அவள் அடுக்க, அவனும் சளைக்காமல் பதில் சொல்ல... கடைசியில் கண்டக்டருக்கே பொறுமை போய்விட்டது.

“ஸ்டாண்டு வந்துடுச்சும்மா, ஜல்தி எறங்குங்க. ஜெர்மனிய அப்பால பாத்துக்கலாம்!”

கடைவீதியில் ஒரு பட்டுக்கடை மாடியில்தான் ஜாக்குலின் மிஸ்ஸின் ஜெர்மன் வகுப்பு. ஜெசி படியேறி உள்ளே நுழைந்தால்... அவள் நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் அதே ஈர முடி. அதே கண்கள்.

“ஜெசி, இவரு அருள்மணி. ஜெர்மனியில டெக்ஸ்டைல் படிச்சி, அங்கியே ஒரு லேப்ல இருந்தவரு. இப்போ நம்மூர்ல கம்ப்யூட்டர்ல புடவை டிசைன் போடறாரு. இன்னியிலிருந்து உனக்கு எதிர்க்கட்சி” என்றார் மிஸ்.

கேள்விப்பட்டதாமே, கேள்விப்பட்டது! ஜெசிக்கு முகம் சுட்டது.

ஜாக்குலின் மிஸ்ஸிடம் ஒரு விதி உண்டு. விவாதம் சூடாகி உச்சத்துக்குப் போகும்போது, திடீரென்று கையைத் தட்டி, “பக்கம் மாத்துங்க!” என்பார். அந்த நிமிஷமே கட்சி மாற வேண்டும். இதுவரை எதிர்த்ததை மனசார ஆதரித்துப் பேச வேண்டும். விளையாட்டுக்குப் பேசினால் மிஸ்ஸுக்குப் பிடிக்காது.

அன்றும் கை தட்டினார். அருள்மணி ஆராய்ச்சியின் பக்கம் வந்தான். முதல் இரண்டு வாக்கியம் சரளமாக வந்தது. அப்புறம் குரல் என்னவோ ஆகிவிட்டது. ஓர் ஆராய்ச்சிக்கு நடுவில் பணத்தை நிறுத்தினால் அதை மறுபடி தொடங்கவே முடியாது, மெஷினுக்குத் துணி போர்த்திவிடுவார்கள், அங்கே வேலை பார்த்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள் என்றான். சொல்லிவிட்டு நோட்டை மூடிவிட்டான்.

‘ஐயோ, இது தலைப்பு இல்லை... இது இவர் கதை’ என்று ஜெசிக்குப் புரிந்துவிட்டது. அதுவரை இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

படி இறங்கும்போது மெல்லக் கேட்டாள். “அங்கிருந்து... அதனாலதான் வந்துட்டீங்களா?”

“பணம் நின்னுபோச்சி, காண்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சின்னு சொல்லிட்டாங்க. ஊர்ல கேட்டா, அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு வந்துட்டேன்னு சொல்லி வெச்சிருக்கேங்க.”

“அப்பாவுக்கு இப்போ எப்படி இருக்கு?”

“அவருக்கு இன்னா, கல்லு மாதிரி இருக்காரு. யாராச்சும் விசாரிச்சா மட்டும் எனக்காக ரெண்டு இருமு இருமுவாரு.”

ஜெசி சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண் நிறைந்துவிட்டது. பாவம் அந்த அப்பா. பாவம் இந்தப் பிள்ளை. அவன் அந்தக் கண்ணீரைப் பார்த்தான்... பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி அவள் குடையை வாங்கி விரித்துக் கொடுத்தான். அங்கேதான் எல்லாம் ஆரம்பம், வேறெங்கே?

அப்புறம் பஸ்ஸில் தினமும் சண்டைதான். அங்கே பையன்களைக் கட்டாயமாக ராணுவத்தில் சேர்க்கலாமா? வயசானவர்களின் பென்ஷன் யார் தலையில்? வெளியூரிலிருந்து வரும் நர்ஸை வேலைக்கு மட்டும் கூப்பிடுகிறார்களா, வாழவும் கூப்பிடுகிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வி வந்தால் மட்டும் அருள்மணி எதிர்த்துப் பேசமாட்டான். “நல்லா இருப்பீங்க” என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பான்.

தேர்வில் ஜெசி பாஸ். வேலையும் உறுதியானது. அம்மா அந்தோணியம்மாள், மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி வாங்கப் போனாள். ஜெசி பஸ்ஸுக்கு ஓடினாள், ஒருவனிடம் சொல்வதற்காக.

அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. ‘வாழ்த்துகள்’ என்று ஒரே ஒரு மெசேஜ். அவ்வளவுதான். பயணத் தேதி கிட்டே வந்துகொண்டிருந்தது. சொல்லாமலே போய்விட்டால் அப்புறம் எந்த நாட்டில் இருந்து என்ன?

மழையோடு மழையாக அவன் டிசைன் ரூமுக்கே போய் நின்றாள். கம்ப்யூட்டர் திரையில் பாதி வரைந்த ஒரு மயில். அதைவிடப் பாவமாக அவன்.

“இன்னாங்க இது? ஒரு மெசேஜோட முடிஞ்சிபோச்சா?”

“நீங்க போறீங்க... நல்லபடியா போங்க.”

“வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லையா?”

அவன் எழுந்தான். “இன்னா சொல்லச் சொல்றீங்க? வேணாம்னு அனுப்பின நாடு அது. இப்போ நான் எதனா சொன்னா, ஒரு பொண்ணு புடவையப் புடிச்சிகினு திரும்பிப் போறான்னு ஊரு பேசும். நாளைக்கு நீங்களே அப்படி நெனச்சிட்டா...?”

ஓ... இதுதானா? இவ்வளவு நாள் பேஜார் இதுக்குத்தானா? ஜெசிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. சட்டென்று இரண்டு கையையும் தட்டினாள்.

“பக்கம் மாத்துங்க!”

“ஜெசி...”

“மாத்துங்கன்னா மாத்துங்க. நான் அருள்மணி. நீங்க ஜெசி. நான்தான் மொதல்ல.” குரலைக் கனைத்துக்கொண்டாள். “நான் பெரிய ரோஷக்காரன். லேப்ப மூடினப்ப என் மனசையும் சேத்து மூடிட்டேன். தினமும் ஒருத்தி வருவான்னு பஸ்ல நிக்கறேன். சீட்டு காலியா இருந்தாலும் உக்கார மாட்டேன், உக்காந்தா அவ மொகம் தெரியாது. ஆனா அவகிட்ட சொல்ல மாட்டேன்... எனக்கு ஊரு முக்கியம்.”

சீட்டு விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும்? அருள்மணியின் காது சிவந்துவிட்டது.

“இப்போ நீங்க. மனசாரப் பேசணும். விளையாட்டு கூடாது.”

வெளியே மழை கொட்டியது. அவன் அவளுக்கு நேரே வந்து நின்றான்.

“நான்... ஜெசி. கஷ்டப்பட்டுப் படிச்சேன். யாருக்காகவும் போவாம இருக்க மாட்டேன். இந்த ஆளு என்னை நிறுத்துவான்னு நான் பயப்படல... பேசாமலே இருந்துடுவான்னுதான் பயப்படறேன். ஏன்னா...” அவன் குரல் தழைந்தது. “ஏன்னா எனக்கு இவரப் புடிச்சிருக்கு.”

ஜெசி தலையாட்டினாள். “எல்லாம் சரி. ஒரு எடத்துல மட்டும் தப்பு. ஜெசி வெறும் ‘புடிச்சிருக்கு’ன்னு சொல்லமாட்டா. ‘உங்கள விட்டா எனக்கு வேற யாரும் வேணாம்’னு சொல்லுவா.”

அவ்வளவுதான். அந்த ரோஷமெல்லாம் எங்கே ஓடியதோ! அவள் நனைந்த கையைத் தன் இரண்டு கைக்குள் எடுத்துக்கொண்டான்.

“இப்போ என் பக்கத்துக்கே வந்துடறேன். உங்கள ரொம்ப நேசிக்கறேன் ஜெசி. நீங்க மொதல்ல போங்க. நான் மறுபடி லேபுங்களுக்கு எழுதிப் போடறேன்... என் கால்ல வரேன். ஒருவேள கெடைக்கலன்னா...”

“கெடைக்கலன்னா என் புடவையவே புடிச்சிகினு வாங்க. ஆரணிப் பட்டு, ஒண்ணும் கிழியாது.”

சிரித்த அவன் முகம் சட்டென்று வாடியது. “எங்க அம்மா கெங்கம்மாள் அம்மன் கோயிலு, உங்க அம்மா அந்தோணியம்மாள் மாதா கோயிலு... அந்த டிபேட்டு பாக்கி இருக்குதே?”

ஜெசி அவன் தோளோடு வந்து நின்றாள். கையை விடவில்லை.

“இருக்கட்டும். அதுல நாம ரெண்டு பேரும் ஒரே பக்கம்தானே... ஜாக்குலின் மிஸ் வந்து கை தட்டினாலும் மாத்தக் கூடாது, சொல்லிட்டேன்!”