நஞ்சின் பெயர்

மாமியாரின் சாப்பாட்டில் நஞ்சு வைத்தவள் என்று வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட தையல்காரி, மறுவாரம் துப்பறிவாளரின் அறைக்கு வந்தாள். அழவில்லை. கோபத்தோடுதான் பேசினாள்.

மாமியாருக்கு மாதக்கணக்காக வயிற்றுவலி. இவள் கடைக்குத் தைக்கப் போகும் பகலெல்லாம் அவரோடு வீட்டிலிருந்து, அவர் தட்டிலேயே சாப்பிடும் இவளுடைய சின்ன மகளுக்கும் அதே வலி. ரத்தத்தில் ஏதோ நஞ்சு இருப்பதாக மருத்துவர் சந்தேகப்பட்டதுமே கணவனின் அண்ணன் இவளைக் கைகாட்டிவிட்டான். சமைப்பவள் இவள், வலியில்லாமல் நடமாடுபவளும் இவள். கணவன் வாயே திறக்கவில்லை. குழந்தையையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

“என் பொண்ணு சாப்பிடுற தட்டுல நானே விஷம் வைப்பேனா சார்?”

துப்பறிவாளரின் உதவியாளரை எல்லோரும் ‘அவசரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயருக்கேற்றபடி, மாமியார் நாடகமாடுகிறார் என்று அவர் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டார். துப்பறிவாளர் ஒன்றைத்தான் கேட்டார்: நீ வெளியேறிய பிறகு குழந்தைக்குக் குணமானதா? இல்லை, வலி கூடியிருப்பதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்றாள் அவள்.

மூவரும் முதலில் மருத்துவரிடம் போனார்கள். பரிசோதனை முடிவு சற்று முன்புதான் வந்திருந்தது. வீட்டாருக்கு இன்னும் தெரிவிக்கவில்லை. நஞ்சு, காரீயம். இருவரையும் உடனே அழைத்து வரும்படி மருத்துவர் சொன்னார்.

வீட்டு வாசலை அண்ணன்காரன் மறித்துக்கொண்டு நின்றான். அவன் சட்டைக் கையில் பொட்டுப் பொட்டாகத் தீய்ந்த ஓட்டைகள். பரிசோதனை முடிவு வந்துவிட்டது, அம்மாவையும் குழந்தையையும் அழைத்துப்போக வந்தோம் என்றார் துப்பறிவாளர் பொதுவாக.

“சோத்துல காரீயத்தைக் கலந்தவளைக் கூடவே கூட்டிட்டு வர்றீங்களே, வெக்கமா இல்ல?” என்றான் அவன்.

துப்பறிவாளர் அவனைத் தாண்டி உள்ளே போனார். சமையலறையில் ஒன்றுமில்லை. மாமியார் அறையின் சன்னலுக்கு நேர் கீழே, பின்கட்டில், ஓர் இரும்பு அடுப்பு இருந்தது. சுற்றிலும் சிமெண்டுத் தரையில் சாம்பல் நிறச் சொட்டுகள் உறைந்து ஒட்டியிருந்தன. நகத்தால் கீறினார், காரீயம் போல எளிதில் கோடு விழுந்தது. அண்ணன்காரனின் மனைவியும் மகனும் எங்கே என்று கேட்டதற்கு, இரண்டு மாதமாக இருவரும் அவள் பிறந்த வீட்டில் இருப்பதாகப் பதில் வந்தது.

எல்லோரையும் முன்னறையில் உட்காரவைத்தார்.

“என்ன நஞ்சுன்னு மருத்துவருக்கும் எங்க மூணு பேருக்கும்தான் தெரியும். நாங்க யாரும் இங்க சொல்லல. உங்களுக்கு யார் சொன்னது?”

அண்ணன்காரன் மாமியாரைப் பார்த்தான். பகலெல்லாம் அந்த அடுப்பு எரிவதைப் பார்த்திருந்த அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பின்கட்டுக் கொட்டகையிலிருந்து அவசரம் ஒரு கோணிப்பையை இழுத்து வந்தார். பழைய பேட்டரிகளின் காரீயத் தகடுகள், ஓர் அச்சு, அதில் வார்த்த, மீன் தூண்டிலில் கட்டும் குண்டுகள், புகைக்கு மாட்டும் முகமூடி. முகமூடி ஒன்றுதான் இருந்தது.

துப்பறிவாளர் நிதானமாக விளக்கினார். தையல்காரி வேலைக்குப் போன பிறகு தகடுகளை உருக்கிக் குண்டு வார்க்கிறான். புகையும் சாம்பலும் சன்னல் வழியாக அறைக்குள் இறங்குகின்றன. மாமியார் அதைச் சுவாசிக்கிறார்; தரையில் விளையாடும் குழந்தை அந்தச் சாம்பல் ஒட்டிய விரலை வாயில் வைக்கிறது. பகலில் வீட்டில் இல்லாததால் தாய்க்கும் தகப்பனுக்கும் ஒன்றுமில்லை. அவளை வெளியேற்றிய பிறகும் அடுப்பு எரிந்தது, அதனால் வலியும் நிற்கவில்லை. சாப்பாட்டில் ஒன்றுமே கலக்கப்படவில்லை.

“அண்ணன் தெரியாம செஞ்சிருப்பாரு,” என்று கணவன் முதன்முறையாக வாய்திறந்தான்.

தையல்காரி கணவனைப் பார்த்து எழுந்தாள்.

“தெரியாதவர் தன் பிள்ளையை மட்டும் எப்படி ஊருக்கு அனுப்பினார்? தன் மூக்கை மட்டும் எப்படி மூடிக்கிட்டார்? என் பொண்ணு துடிக்கிறதைப் பார்த்துக்கிட்டே பழியை என் தலையில போட்டிருக்கார். நீங்களும் நம்பினீங்க.”

 இதைக் காவல் நிலையத்தில் சொல்வதாகத் துப்பறிவாளர் அண்ணன்காரனிடம் தெரிவித்தார். தையல்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற வாடகை வண்டிக்கு நடந்தாள். மாமியார் சுவரைப் பிடித்தபடி பின்னாலேயே வந்து, நானும் வரலாமா என்று தணிந்த குரலில் கேட்டார்.

“வாங்க அத்தை. உங்களுக்கும் வைத்தியம் வேணும். முன்னாடி உட்காருங்க,” என்றாள் அவள். “குழந்தையைத் தொடாதீங்க.”