குறுக்குக் குழாய்கள்

தம்பி வீட்டுக்குப் போனபோது பிற்பகல் மூன்று மணி. அவன் மனைவி கதவைத் திறந்து, "வாங்க அண்ணி" என்றாள். தம்பி இறந்து மூன்று வாரம்.

தான் போன் செய்ததால்தான் அவன் கவனம் சிதறி லாரியில் அடிபட்டான் என்று மறுபடியும் புலம்பினாள். எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்.

அப்படிச் சொன்னவள் நான்.

நடந்தது வேறு. அறிவியல் கண்காட்சிக்காகத் தலையில் மாட்டும் கருவி ஒன்று செய்திருந்தேன். பேட்டரி, ஒயர் எதுவும் கிடையாது. காதுக்கு ஒன்றாக இரண்டு தகரப் புனல்கள், உச்சந்தலைக்கு மேல் குறுக்காகப் போகும் இரண்டு ரப்பர் குழாய்கள். இடப்பக்கத்துச் சத்தம் வலது காதில் விழும். வலப்பக்கத்துச் சத்தம் இடது காதில். தம்பிதான் அதை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்து பார்த்தான்.

"தலை சுத்துதுக்கா. கழட்டிடவா?"

"இன்னும் ஒரே நிமிஷம்டா."

லாரி இடப்பக்கம் வந்தது. அவனுக்கு வலப்பக்கம் கேட்டது. தப்பிக்க இடப்பக்கம் பாய்ந்தான்.

கூட்டம் சேர்வதற்குள் கருவியைக் கழற்றி என் பைக்குள் திணித்தேன். அப்போதுதான் அவன் சட்டைப்பையில் போன் அடித்தது.

இன்று மதியம் அந்தக் கருவியை வெட்டிப்போடலாம் என்று எடுத்தேன். ரப்பர் வாடையோடு அவன் வியர்வை வாடையும் வந்தது. அவன் காதில் கடைசியாக என்னதான் விழுந்திருக்கும் என்று தோன்ற, மாட்டிப் பார்த்தேன்.

தெருச் சத்தம் அடங்கிவிட்டது.

மூச்சு.

வலது காதில். அப்படியானால், இடப்பக்கம் நிற்கிறான்.

திரும்பினேன். யாருமில்லை. மூச்சு மட்டும் நிற்கவில்லை.

குழாய்களை வெட்டி எறிந்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தேன்.

"நீ போன் பண்ணதால இல்லம்மா" என்று ஆரம்பித்து, அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போன் அடித்தது அவன் விழுந்த பிறகுதான் என்பதையும் சொன்னேன்.



"மூணு வாரமா நான் கண்ண மூடல அண்ணி."

உள்ளறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அழுகை கேட்டது. எழுந்து போகவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் கூசியது.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

கொஞ்ச நேரத்தில், அந்த அழுகைக்கு நடுவே ஓர் ஆண்குரல் அவளை மெல்லத் தேற்றிக்கொண்டிருந்தது. வார்த்தைகள் புரியவில்லை. குரல் யாருடையது என்று புரிந்தது. அழுகை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

எழுந்துபோய்க் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, "டேய், அக்காடா" என்றேன்.

பேச்சு சட்டென்று நின்றுவிட்டது.