குவீன்ஸ்டவுன் வீட்டில் கோர்தோபா

ஜூன் விடுமுறைக்கு நாங்கள் ஸ்பெயினுக்குப் போவதாக இருந்தது. கோர்தோபா என்ற பழைய நகரத்தைப் பார்க்க வாப்பா ஒரு வருடமாகத் திட்டம் போட்டார். ஏப்ரலில் மாரடைப்பு வந்து வாப்பா மவுத்தாகிவிட்டார்.

இப்போது உம்மா இத்தாவில் இருக்கிறார். கணவர் இறந்தால் மனைவி நான்கு மாதம் பத்து நாள் வீட்டிலேயே இருப்பது எங்கள் வழக்கம். அதனால் உம்மாவின் அக்கா, ஷமீமா பெரியம்மா, வந்து என்னைக் கூப்பிட்டார்.

“ருக்சார், நீயும் ரியாஸும் என்னோட வாங்க. வாப்பா ஆசைப்பட்ட ஊரு லா.”

“போயிட்டு வாங்க,” என்றார் உம்மாவும்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அன்றைக்கே பெட்டியை எடுத்து வைத்தேன். ஆனால் உம்மாவின் தட்டில் சோறு அப்படியே ஆறிக் கிடந்தது. வாப்பா போனதிலிருந்து இதே கதைதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினால் நாலு வாய் சாப்பிடுவார். நான் போய்விட்டால் யார் கெஞ்சுவது?

“நான் வரல பெரியம்மா,” என்றேன்.

“அக்கா வரலன்னா நானும் வரல,” என்றான் தம்பி ரியாஸ். சொல்லிவிட்டு, பிளேன் போச்சே என்று ஓவென்று அழுதான். அவனுக்கு ஏழு வயதுதான்.

பெரியம்மாவும் பயணத்தைக் கைவிட்டுவிட்டார். புறப்பட வேண்டியிருந்த நாள் காலையில், அவரோடு தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்ப் பழுத்த தக்காளி வாங்கினேன். ரொட்டியும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து அரைத்து, ஃபிரிட்ஜில் வைத்தேன். கோர்தோபாவில் இதைத்தான் சில்லென்று சூப்பாகக் குடிப்பார்களாம். அங்கே போய் முதலில் இதைச் சாப்பிட வேண்டும் என்று வாப்பா எழுதி வைத்திருந்தார்.

பிறகு எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டு டிவியில், தெருக்களைப் புகைப்படமாகக் காட்டும் இணைய வரைபடத்தைத் திறந்தேன். அம்புக்குறியைத் தட்டத் தட்டத் தெருக்கள் நகர்ந்தன.

“வாங்க உம்மா, கோர்தோபா வந்துட்டோம்!”

பழைய கல் பாலத்தைக் கடந்தோம். வெள்ளைச் சுவரெல்லாம் பூந்தொட்டிகள். பள்ளிவாசலாக இருந்து தேவாலயமாக மாறிய கட்டடத்துக்குள் சிவப்பும் வெள்ளையுமாக எத்தனை வளைவுகள்! உம்மா மெல்ல வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

ரியாஸ் ஒரு வாய் சூப் குடித்தான். “ஐயே! ரசத்தை ஃபிரிட்ஜுல வெச்ச மாதிரி இருக்கு லா!”

உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தார். எங்கள் முன்னால் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. நானும் அவர் மடியில் விழுந்து அழுதேன்.

“உங்க வாப்பா இருந்திருந்தா அந்தப் பாலத்தைத் தாண்ட விட்டிருப்பாரா? நூறு போட்டோ எடுத்திருப்பாரு,” என்றார் உம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“மறுபடியும் பாலத்துக்குப் போவோமா உம்மா?”

“போ. மெதுவாப் போ.”

உம்மா சூப் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். பாலம் முடிவதற்குள் அதைக் காலி செய்திருந்தார்.