புதன்கிழமை நோயாளிகள்

லிஃப்ட் பழுதாகி ஒரு வாரமாயிற்று. மூன்று மாடி ஏறி வந்த தலைமை மருத்துவருக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும் பேச்சு வரவில்லை. மேசைக்கு அந்தப்புறம் இருந்த தணிக்கையாளர் அவரை அவசரப்படுத்தாமல் தண்ணீரை மட்டும் நகர்த்தி வைத்தார். மருந்துப் பரிசோதனைகளில் எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடிப்பது அந்த அம்மாளின் வேலை. அவரிடம் வருகிறவர்கள் லிஃப்ட் ஓடும் நாட்களிலும் இப்படித்தான் மூச்சு வாங்க வருவார்கள்.

ஜன்னலோரம் அவருடைய தம்பி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகப் பல வருஷம் பை சுமந்தவர். கம்பெனி மூடியதும் அக்காவுக்குக் கார் ஓட்ட வந்தார். கார் ஓட்டுவதைவிடக் குற்றவாளியைப் பிடிப்பதில்தான் அவருக்கு ஆசை.

"எங்க ஆஸ்பத்திரியில ஒரு புது மருந்தைப் பரிசோதிக்கிறோம்" என்று மருத்துவர் ஆரம்பித்தார். "நரம்பு கெட்டு, கை கால் தசையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போற வியாதிக்கு. குணமாக்காது. வேகத்தைக் குறைக்கும்னு நம்பிக்கை. பாதிப்பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப்பேருக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு நோயாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தக் குறியீடு கம்பெனிகிட்டப் பூட்டி இருக்கு."

"தெரியும். என்ன ஆச்சு?"

"கம்பெனிக்காரங்க கணக்குப் பார்த்தாங்க. மத்த மூணு ஆஸ்பத்திரியில நிஜ மருந்து சாப்பிட்டவங்க கை நல்லாவே தாக்குப்பிடிக்குது. எங்க ஆஸ்பத்திரியில ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. சந்தேகப்பட்டு ரத்தத்தைச் சோதிச்சாங்க. இந்த மருந்து ரத்தத்துல வாரக்கணக்கா தங்கும். நிஜ மருந்து சாப்பிட்டவங்களுக்கு முழு அளவு இருக்கணும், மத்தவங்களுக்கு சுத்தமா இருக்கக்கூடாது. ஆனா எங்க ஏழு நோயாளியில அஞ்சு பேருக்கு, அந்த அஞ்சு பேருக்குமே, ஏறக்குறைய பாதி அளவு இருக்கு. மாசா மாசம் நாலஞ்சு மாத்திரை கூடவே கொடுப்போம். அந்த மீதியோட அவங்க திருப்பிக் கொடுத்த டப்பாக்களைப் பார்த்தா, ஒரே டப்பாவுல நிஜமும் வெறுமும் கலந்து கிடக்கு."

"கம்பெனி அனுப்பற பெரிய டப்பாவுல இருந்து எண்ணிப் போட்டுக் கொடுக்கிறது யாரு?"

"எங்க மருந்தாளுநர் அம்மா. அவங்க ஒருத்தர்தான். கட்டாய லீவுல அனுப்பிட்டேன்." மருத்துவர் தரையைப் பார்த்தார். "நிஜ மாத்திரையை எடுத்து வெளியில வித்திருப்பாங்கன்னு ஆஸ்பத்திரிக் கமிட்டி சொல்லுது. லைசென்ஸ் போயிடும்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்கு யோசிக்கவே தெம்பு இல்லைம்மா."

மறுநாள் காலை அக்காவும் தம்பியும் மருந்தாளுநரின் வீட்டுக்குப் போனார்கள். குறுகலான சந்தில் இரண்டாவது வீடு. கதவைத் திறந்த அம்மாள் உட்காரச் சொல்லிவிட்டு, அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்து வந்தார். கூடத்து நாற்காலியில் பாதி பின்னிய கம்பளி கிடந்தது.

"நான் கலக்கலை" என்றார். குரலில் கோபம் இல்லை. சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோயிருந்தது. "எந்த டப்பா நிஜம், எந்த டப்பா வெறும்னு எனக்கே தெரியாது. ஒவ்வொரு நோயாளிக்கும் தனிப் பெரிய டப்பா. ஒண்ணை மூடி உள்ளே வெச்சுட்டுத்தான் அடுத்ததை எடுப்பேன். இதையே நாலு தடவை சொல்லியாச்சு, யாரும் காதுல வாங்கிக்கலை."

"ஏழு பேரும் ஒரே நாள்ல வருவாங்களா?"

"அஞ்சு பேர் மாசத்துல முதல் புதன்கிழமை. மத்த ரெண்டு பேர் வேலைக்குப் போறவங்க, சனிக்கிழமை தனித்தனியா வருவாங்க. எல்லாருக்கும் டப்பா ஒரே அலமாரியில, ஒரே நாள்லதான் போட்டு வைப்பேன்."

காரில் ஏறியதும் தம்பி பொங்கினார். "அக்கா, நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தத் திரும்பி வந்த டப்பாக்களைப் பார்த்தோமே. அடியில நூல் துணுக்கு கிடந்துச்சு. சிவப்பு, பச்சை, மஞ்சள். இங்க வந்தா அந்தம்மா கம்பளி பின்னுறாங்க! கையும் களவுமா மாட்டிக்கிட்டாங்க."

"வண்டியை எடு."

"எடுக்கிறேன். ஆனா நூல்?"

"கம்பளி ஒரே நிறம், சாம்பல். டப்பாவுல இருந்தது பருத்தி நூல், தைக்கிற நூல். எந்த டப்பாவுல இருந்துச்சு? ஏழுலயுமா?"

தம்பி யோசித்தார். "அஞ்சுல. புதன்கிழமைக்காரங்க டப்பாவுல." பிறகு கொஞ்சம் சுருதி இறங்கி, "அப்ப கம்பளி கணக்குல வராதா?" என்றார்.

"குளிர் காலத்துலதான் வரும்."

முதல் புதன்கிழமை வந்தது. அன்று மருந்து கொடுத்தது வேறு ஆள்; அறையைப் பூட்டி, தணிக்கையாளர் கண் முன்னாலேயே எண்ணிப் போட்டார். காத்திருக்கும் கூடத்தில் தணிக்கையாளர் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டார். முழங்கால் வலி முகத்தில் தெரிந்ததால் அவரையும் ஒரு நோயாளி என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ஐந்து பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தைச் சாய்த்தபடி ஒரு தையற்காரர். சக்கர நாற்காலியில், பேசும்போது நாக்கு குழறும் ஒரு டீச்சர். பெரிய உடம்புக்குள் சுருங்கிப்போன ஒரு பஸ் டிரைவர், பக்கத்தில் அவருடைய மனைவி. எலெக்ட்ரீஷியனாக இருந்த ஒருவர். எப்போதும் தூங்கி வழிந்ததால் 'தூக்கம்' என்று மற்றவர்கள் கூப்பிட்ட ஒருவர். யாருடைய கைக்கும் டப்பாவின் மூடியை அழுத்தித் திருகும் பலம் இல்லை. டிரைவரின் மனைவிதான் எல்லோருக்கும் டீயை வாயருகே பிடித்துக் கொடுத்தார், மூக்கைத் துடைத்துவிட்டார். "தூக்கம், கண்ணைத் திற, சட்டையெல்லாம் டீ" என்று அதட்டினார். அவர் தோளில், துண்டுத் துணிகளை ஒட்டுப் போட்டுத் தைத்த கலர் கலரான ஒரு பை தொங்கியது.

தணிக்கையாளர் டிரைவர் பக்கம் திரும்பினார். "மாத்திரையெல்லாம் விடாம சாப்பிடறீங்களா?"

"ஓ! எங்க மாத்திரையை நாங்க ஒரு வேளைகூட விட்டதில்லைங்க" என்றார் டிரைவர்.

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். டிரைவர் டீயைப் பார்த்துக்கொண்டார்.

தணிக்கையாளர் எழுந்துபோய்த் தலைமை மருத்துவரின் கதவைத் தட்டினார். "எல்லாரையும் உள்ளே கூப்பிடுங்க. மருந்தாளுநர் அம்மாவுக்கும் ஆள் அனுப்புங்க."

அறை சின்னது. சக்கர நாற்காலி உள்ளே வர மேசையை நகர்த்த வேண்டியிருந்தது. மருந்தாளுநர் கடைசியாக வந்து, யாரையும் பார்க்காமல் கதவை ஒட்டி நின்றார்.

"முதல்ல இந்தம்மா விஷயத்தை முடிச்சிடுவோம்" என்றார் தணிக்கையாளர். "திருடறவங்க நிஜ மாத்திரையை எடுத்துட்டு வெறும் மாத்திரையைப் போடுவாங்க. அப்படின்னா நிஜம் கிடைச்சவங்களுக்கு மருந்து குறையும். வெறும் மாத்திரைக்காரங்க ரத்தத்துல மருந்து எப்படி ஏறும்? எந்தத் திருடனும் இல்லாதவனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டான்."

"கைதவறிக் கலந்திருக்கலாமே?" என்றார் மருத்துவர்.

"மாசா மாசமா? சரி, அப்படியே வெச்சுக்குவோம். சனிக்கிழமை வர்ற ரெண்டு பேர் ரத்தத்தைப் பாருங்க. ஒருத்தருக்கு முழு அளவு, ஒருத்தருக்கு சுத்தமா இல்லை. எப்படி இருக்கணுமோ அப்படியே இருக்கு. அதே அலமாரி, அதே நாள், எண்ணிப் போட்டது அதே கை. மருந்தறையில கலந்திருந்தா அவங்களுக்கும் கலந்திருக்கும். கலந்தது மருந்தறைக்கு வெளியே, இந்த அஞ்சு பேரும் சேர்ந்து இருக்கிற இடத்துல."

"அப்ப அந்த நூல்?" என்றார் மூலையில் நின்ற தம்பி.

"டப்பாவுல தைக்கிற நூல் கிடந்துச்சு. மாத்திரையை ஏதோ துணிப்பையில கொட்டிக் குலுக்கி, திரும்ப நிரப்பியிருக்காங்க. இந்த அஞ்சு பேர் கையாலயும் மூடியைத் திறக்க முடியாது. கூட இருக்கிறவங்கள்ல நல்ல கை ஒரே ஒரு ஜோடிதான்." அவர் டிரைவரின் மனைவியைப் பார்க்காமலே சொன்னார். "அப்புறம் ஒரு வார்த்தை. எங்க வீடு, எங்க அம்மான்னு சொல்லுவோம், வழக்கம்தான். ஆனா எங்க பல்லு, எங்க கண்ணாடின்னு ஒருத்தர் தனக்காகச் சொல்ல மாட்டார். மாத்திரையும் அப்படித்தான். 'என் மாத்திரை'ன்னுதான் வாயில வரும். டிரைவர் 'எங்க மாத்திரை'ன்னார்."

"நான்தான் வாயை விட்டேன்" என்று டிரைவர் முனகினார்.

"நீங்க வாயை விடாம இருந்தது எப்போ?" என்றார் மனைவி. ஆனால் பையை இரண்டு கையாலும் மார்போடு இறுக்கிக்கொண்டார். "நான்தான் கலந்தேன். தோட்டத்துப் பெஞ்சுல உட்கார்ந்து. இவங்க யாரையும் எதுவும் சொல்லாதீங்க."

"இல்லம்மா" என்றார் தையற்காரர். தலையை நிமிர்த்த முடியாததால் தரையைப் பார்த்தே பேசினார். "பை நான் தைச்சது, யோசனையும் என்னுது. முதல் மாசம் மாத்திரை முழுங்க முடியாம கடிச்சுட்டேன். நாக்கு மரத்துப்போச்சு. டீச்சருக்கும் முழுங்க வராது, அவங்களும் கடிச்சுத்தான் சாப்பிடறாங்க. கேட்டேன். சாக்குக்கட்டி மாதிரி இருக்கு, ஒண்ணும் மரக்கலைன்னாங்க. எனக்குப் புரிஞ்சுபோச்சு." அவர் மூச்சு வாங்கினார். "பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கு ரெண்டு பெண்ணு, இன்னும் படிக்குது. தெரிஞ்சப்புறம் எப்படிம்மா முழுங்கறது?"

டீச்சர் ஏதோ சொன்னார். குழறலில் யாருக்கும் புரியவில்லை. டிரைவரின் மனைவி மட்டும் குனிந்து கேட்டு, "அவங்க முதல்ல வேண்டாம்னாங்களாம்" என்றார்.

தலைமை மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு வருஷ வேலை" என்றார். "இந்த மருந்து வேலை செய்யுதுன்னு நிரூபிச்சாதான் எல்லாருக்கும் கிடைக்கும். அது உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் சார்" என்றார் எலெக்ட்ரீஷியன். "அது வர்றப்ப நாங்க இருக்கணுமே."

மருத்துவர் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எங்களை நிறுத்திடுவீங்களா?" என்று டிரைவர் கேட்டார்.

"பரிசோதனையிலிருந்து நிறுத்தித்தான் ஆகணும்" என்றார் தணிக்கையாளர். "நான் நடந்ததைத்தான் எழுதுவேன், பூசி மெழுக மாட்டேன். உங்க அஞ்சு பேர் கணக்கும் ஆராய்ச்சி முடிவுல சேராது. மாத்திரையை நிறுத்தணுமாங்கிறது வேற கேள்வி. அது என் வேலை இல்லை." அவர் மருத்துவரைப் பார்த்தார்.

மருத்துவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மத்த ஆஸ்பத்திரி முடிவு நல்லா வந்திருக்கு" என்றார். "கருணை அடிப்படையில அஞ்சு பேருக்கும் நிஜ மருந்தே கொடுங்கன்னு கம்பெனிகிட்டக் கேக்கலாம். கிடைக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. கேக்கறேன்." பிறகு கதவுப் பக்கம் திரும்பினார். "அம்மா, நான் உங்களை..."

"மன்னிப்பெல்லாம் வேண்டாம், டாக்டர்" என்றார் மருந்தாளுநர். "நாலு தடவை சொன்னேன். அதுல ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். மருந்தறைச் சாவி யார்கிட்ட இருக்கு?"

மருத்துவர் எழுந்து நின்று சாவியைக் கொடுத்தார்.

கம்பெனி இழுத்தடித்தது. மருத்துவர் விடவில்லை, கமிட்டி ஆட்களின் கை காலைப் பிடித்து, இரண்டு மாதம் அலைந்து அனுமதி வாங்கினார். அதற்குள் 'தூக்கம்' போய்ச் சேர்ந்துவிட்டார். மீதி நால்வருக்கும் முழு மருந்து வந்த அன்று, விசாரணைக் கோப்பை முடித்துக் கையெழுத்து வாங்க தணிக்கையாளர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். குறியீடு பிரிக்கப்பட்டிருந்தது. தையற்காரர் ஊகித்தது சரிதான். அவருக்கு நிஜம், டீச்சருக்கு வெறும்.

திரும்பும்போது கூடத்தில் தையற்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில், யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல் கிடந்தன.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா? நான் முழுசாவே சாப்பிட்டிருந்தா, இந்தக் கை இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்குமா?"

தம்பி அவசரமாக, "அதெல்லாம் யாரால சொல்ல முடியும்" என்று ஆரம்பித்தார். தணிக்கையாளர் அவரைக் கையமர்த்திவிட்டு, வலிக்கும் முழங்காலோடு தையற்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்ற ஆஸ்பத்திரிகளின் கணக்கை அவர் வரி வரியாகப் படித்திருந்தார்.

"ஓடியிருக்கும்" என்றார். "இன்னும் ஆறேழு மாசம் தைச்சிருப்பீங்க."

தையற்காரர் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தார். வருத்தப்படுகிறாரா என்று அந்தச் சாய்ந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சரிம்மா" என்றார். "இதை டீச்சர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."